தாமஸ் மன்றோவின் மறைவும் மக்கள் நினைவும்

தாமஸ் மன்றோ (27 மே 1761 – 6 ஜூலை 1827) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரராக இந்தியா வந்து, வருவாய்த் துறை அதிகாரியாகவும் மாவட்ட ஆட்சியராகவும் பணியாற்றி, இறுதியில் சென்னை மாகாண ஆளுநராக உயர்ந்தவர். ரயத்துவாரி என்னும் நிலவரி முறையை வேரூன்றச் செய்தவர் என்று பாடநூல்களில் அறியப்படுகிறார். இன்றைய ஆந்திராவின் இராயலசீமைப் பகுதியில் உள்ள பத்திகொண்டா என்ற சிற்றூரில், பயணத்தின் நடுவே காலராவால் இறந்தார். அவருடைய மறைவுக்குப் பிறகு அப்பகுதி மக்கள் தம் குழந்தைகளுக்கு அவர் பெயரை இட்டனர். இரவலர்கள் அவரைப் பற்றிப் பாடினர். கோயில் கதைகளிலும் அவர் இடம்பெற்றார். வரி வாங்க வந்த ஓர் அயல்நாட்டு அதிகாரி, வரி கொடுத்த மக்களின் நினைவில் எவ்வாறு இடம்பிடித்தார் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பணி வாழ்க்கை

மன்றோ ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு வணிகர் குடும்பத்தில் பிறந்தார். அமெரிக்க விடுதலைப் போரால் தந்தையின் வணிகம் நொடித்தது. வேலை தேடும் கட்டாயத்தில் கம்பெனியின் காலாட்படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்து, 1780 சனவரியில் சென்னை வந்து சேர்ந்தார். அதே ஆண்டு ஐதர் அலியுடன் போர் மூண்டது. பன்னிரண்டு ஆண்டுகள் அவர் படைப்பணியிலேயே இருந்தார்.

1792 இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி பாராமகால் பகுதி கம்பெனியின் கைக்கு வந்தது. இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களை உள்ளடக்கிய பகுதி அது. அங்குள்ள வரி நிர்வாகத்தைக் கவனிக்க அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரி அமர்த்தப்பட்டார். அவருக்கு உதவியாளர்களாக இருந்த படை அதிகாரிகளுள் மன்றோவும் ஒருவர். நிலத்தை நேரில் பார்த்து, உழவரிடமே பேசி, வரியை முடிவு செய்யும் வழக்கத்தை அவர் கற்றுக்கொண்டது இங்கேதான். தருமபுரியில் தாம் அமைத்த தோட்டத்தை விட்டுப் பிரிவதில் ஏற்பட்ட வருத்தத்தை வீட்டாருக்கு எழுதிய கடிதத்தில் பதிவு செய்துள்ளார்.

1799 இல் கன்னடக் கடற்கரைப் பகுதிக்கு மாற்றப்பட்ட மன்றோ, ஓராண்டுக்குப் பின் தாமே விரும்பிக் கேட்டுத் தெலுங்குப் பகுதிக்கு வந்தார். 1800 அக்டோபரில் ஐதராபாத் நிசாம், பல்லாரி, அனந்தபூர், கடப்பா ஆகியவற்றையும் கர்நூலின் ஒரு பகுதியையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுக்கப்பட்ட நிலம் என்பதால் தெலுங்கில் இதைத் 'தத்த மண்டலம்' என்றனர். இராயலசீமை என்ற பெயர் 1928 க்குப் பின்னரே வழக்குக்கு வந்தது. இப்பகுதியின் முதன்மை ஆட்சியராக மன்றோ 1800 முதல் 1807 வரை பணியாற்றினார்.

தத்த மண்டலத்தில் ஏழு ஆண்டுகள்

மன்றோ பொறுப்பேற்றபோது இப்பகுதியில் ஏறத்தாழ 80 பாளையக்காரர்கள் இருந்தனர். ஒவ்வொருவரும் ஆயுதம் தாங்கிய ஆட்களை வைத்திருந்தனர். ஓர் ஊர் ஒரே ஆண்டில் இருவருக்கோ மூவருக்கோ வரி செலுத்த வேண்டிய நிலையும் இருந்தது. மழை குறைந்த வறண்ட நிலம் வேறு. மன்றோ பெரும்பாலான காலத்தைக் கூடாரங்களிலேயே கழித்து, ஊர் ஊராகச் சென்று வரியை முடிவு செய்தார்.

1802 இல் நில அளவை தொடங்கியது. இதற்கு 33 அடி நீளமுள்ள சங்கிலி பயன்பட்டது. நீளமும் அகலமும் ஒரு சங்கிலி கொண்ட சதுரம் ஒரு குண்டா. 40 குண்டா ஓர் ஏக்கர். அளவையாளர்கள் வயல் வயலாக அளந்தனர். பின்னர் வந்தவர்கள் மண்ணின் தரத்தையும் நீர் வசதியையும் பார்த்து வகை பிரித்தனர். அதன்படி ஒவ்வொரு வயலுக்கும் வரி முடிவானது.

இந்த முறையில் அரசுக்கும் உழவருக்கும் இடையில் ஜமீன்தார் இல்லை. நிலம் யார் பெயரில் உள்ளதோ அவருக்குப் பட்டா வழங்கப்பட்டது. செலுத்த வேண்டிய தொகை அவருக்கு முன்கூட்டியே தெரியும். ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியில் அவர் புதிய நிலத்தை ஏற்கலாம், முடியாத நிலத்தை விட்டுவிடலாம். தமிழ்நாட்டு வட்டாட்சியர் அலுவலகங்களில் இன்றும் ஆண்டுதோறும் நடைபெறும் ஜமாபந்தி இந்த நிர்வாக மரபின் தொடர்ச்சியே.

கம்பெனியின் கணக்கில் மன்றோவின் பணி பெரும் வெற்றியாக அமைந்தது. ஏழு ஆண்டுகளில் ஆண்டு நிலவருவாய் 4,02,637 பவுனிலிருந்து 6,06,909 பவுனாக உயர்ந்தது. வருவாயை இந்த அளவுக்கு உயர்த்திய ஓர் அதிகாரி மேலிடத்தின் பாராட்டைப் பெறுவது இயல்பு. ஆனால் மக்கள் அன்பைப் பெற்றது எப்படி என்ற கேள்வி இங்கே எழுகிறது. இதற்கு விடை, அவர் பதவியை விட்டு நீங்கும் வேளையில் எழுதிய ஓர் அறிக்கையில் உள்ளது.

கால் பங்கு வரிக்குறைப்பு

1807 ஆகத்து 15 ஆம் நாள் அனுப்பிய அறிக்கையில், தாமே முடிவு செய்த வரி மிகுதியாக உள்ளது என்பதை மன்றோ அரசிடம் எடுத்துரைத்தார். எல்லா நிலங்களுக்கும் வரியில் 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என்றும், கிணற்றுப் பாசன நிலங்களுக்கும் தோட்டங்களுக்கும் மேலும் 8 விழுக்காடு குறைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். சுமையைக் குறைத்தால்தான் உழவர் நிலத்தைத் தம் உடைமையாகக் கருதி உழைப்பைப் போடுவார், நிலத்துக்கு விற்பனை மதிப்பும் உண்டாகும் என்பது அவர் வாதம்.

அரசு இதை ஏற்கவில்லை. மன்றோ விடுப்பில் இங்கிலாந்து சென்றார். அவர் இல்லாத காலத்தில் ரயத்துவாரி முறையே கைவிடப்பட்டது. ஊரின் வரியை மொத்தமாக ஒருவருக்குக் குத்தகை விடும் முறை வந்தது. முதலில் மூன்று ஆண்டுக் குத்தகை, பின்னர் பத்தாண்டுக் குத்தகை. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் குத்தகைதாரர் பலர் நொடித்துப்போயினர். உழவர்களும் அவர்களோடு சேர்ந்து துன்புற்றனர்.

1814 இல் நீதித்துறைச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவராக மன்றோ சென்னை திரும்பினார். 1820 இல் மாகாண ஆளுநரானார். ஆட்சியராக இருந்தபோது தாம் கேட்டு மறுக்கப்பட்ட வரிக்குறைப்பை அதன்பின் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ரயத்துவாரி முறையும் மீண்டது. தத்த மண்டலத்து உழவர்களைப் பொறுத்தவரை, போன கலெக்டர் மறக்காமல் திரும்பி வந்து செய்த செயல் இது. அவர்கள் வாழ்க்கையில் கண்கூடாகத் தெரிந்த மாற்றமும் இதுவே.

கடைசிப் பயணம்

ஆளுநர் பதவியிலிருந்து விலக மன்றோ முன்பே விரும்பியிருந்தார். 1824 இல் மூண்ட முதல் பர்மியப் போர் அவரை நிறுத்திவைத்தது. 1826 இல் மனைவி ஜேன், நோயுற்ற இளைய மகனுடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மன்றோவும் அடுத்து வரவிருக்கும் ஆளுநருக்காகக் காத்திருந்தார்.

ஊர் திரும்புமுன், தாம் ஆட்சியராக இருந்த பகுதியை ஒருமுறை பார்த்துவர எண்ணி 1827 மே மாத இறுதியில் சென்னையிலிருந்து புறப்பட்டார். காலரா பரவிக்கொண்டிருந்த காலம் அது. பயணக் குழு குத்திக்கு வந்தபோது உடன்வந்த படைவீரர்களிடையே நோய் கண்டது. குழு மேலே நகர்ந்தது. சூலை 6 காலை பத்திகொண்டாவை அடைந்தனர். சற்று நேரத்தில் மன்றோவுக்கு நோயின் அறிகுறிகள் தோன்றின. நோயாளி இருக்கும் இடத்தில் நிற்க வேண்டாம் என்று, தம்மைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களை அவர் வெளியே போகச் சொன்னதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியுள்ளது. அன்றிரவு ஒன்பதரை மணியளவில் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 66.

மறுநாள் உடல் குத்திக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கோட்டை மலையின் அடிவாரத்தில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1831 இல் அங்கிருந்து எடுக்கப்பட்டு, சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள புனித மேரி தேவாலயத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது.

குத்தியிலும் பத்திகொண்டாவிலும் நினைவுச்சின்னங்கள்

மன்றோவின் நினைவாகக் குத்தியில் வழிப்போக்கர்களுக்கான சத்திரம் ஒன்று கட்டப்பட்டு, அதில் அவருடைய உருவப்படம் வைக்கப்பட்டது. அவர் இறந்த பத்திகொண்டாவில் ஒரு தோப்பு உருவாக்கப்பட்டுக் கிணறும் வெட்டப்பட்டது.

இந்த நினைவுச்சின்னங்களின் தன்மை கவனிக்கத்தக்கது. சத்திரம் கட்டுவது, தோப்பு வைப்பது, கிணறு வெட்டுவது ஆகியவை நம் நாட்டில் காலங்காலமாக அறச்செயல்களாகக் கருதப்படுபவை. மழை அரிதான அப்பகுதியில் நிழலுக்கும் நீருக்கும் உள்ள மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. வழியில் இறந்த ஒருவருக்கு வழிச்செல்வோருக்குப் பயன்படும் நினைவிடமே அமைந்தது.

பெயரிலும் பாடலிலும்

அரசு அமைத்த சின்னங்களைவிட மக்கள் தாமாகப் போற்றிய நினைவே நெடுங்காலம் பேசப்பட்டது. மன்றோ இறந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னரும், பல்லாரிப் பகுதியில் ஆண் குழந்தைகளுக்கு 'மன்றோலப்பா' என்று பெயரிடும் வழக்கம் இருந்ததை மாவட்ட விவரச்சுவடி குறிப்பிடுகிறது. கடப்பாப் பகுதியில் ஊர் சுற்றும் இரவலர்கள் அவருடைய புகழைப் பாடி வந்ததும் பதிவாகியுள்ளது.

'அப்பா', 'ஐயா' போன்ற ஈறுகளுடன் அயல்பெயர் ஒன்று தெலுங்கு, கன்னடப் பெயராக மாறியது குறிப்பிடத்தக்கது. பிள்ளைக்குப் பெயரிடும்போது குலதெய்வத்தின் பெயரையோ மறைந்த முன்னோரின் பெயரையோ இடுவதே இப்பகுதிகளின் மரபு. அந்த வரிசையில் ஒரு கலெக்டரின் பெயரும் சேர்ந்தது.

கோயில் கதைகள்

மன்றோவைப் பற்றிய மூன்று கதைகள் இன்றும் பரவலாகச் சொல்லப்படுகின்றன. இவை நம்பிக்கை சார்ந்த வழக்காறுகள். வரலாற்று நிகழ்வுகளாக இவற்றைக் கொள்ள இயலாது. ஆயினும் மக்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்பதை அறிய இவை உதவுகின்றன.

முதலாவது மந்திராலயக் கதை. துங்கபத்திரை ஆற்றங்கரையில் இராகவேந்திர சுவாமிகள் 1671 இல் பிருந்தாவனம் அடைந்த இடம் மந்திராலயம். அதற்குரிய இனாம் நிலத்தை அரசு திரும்பப் பெறலாமா என விசாரிக்க மன்றோ அங்கு சென்றதாகவும், சுவாமிகள் அவர் கண்ணுக்கு மட்டும் காட்சியளித்துப் பேசியதாகவும், அதன்பின் அவர் நிலத்தை மடத்துக்கே விட்டுவிட்டதாகவும் கதை கூறுகிறது. கம்பெனி ஆட்சியில் இனாம் விசாரணைக்கு எல்லாக் கோயில்களும் மடங்களும் அஞ்சின. ஓர் ஆட்சியர் கையெழுத்திட்டால் பரம்பரை மானியம் போய்விடும். அந்த அச்சத்தின் பின்னணியிலேயே இக்கதையைப் புரிந்துகொள்ள முடியும்.

இரண்டாவது திருப்பதிக் கதை. அங்குப் பொங்கல் படைக்கப் பயன்படும் பெரிய பாத்திரம் 'மன்றோ கங்காளம்' என்று அழைக்கப்படுகிறது. தீராத வயிற்றுவலி, கோயில் பிரசாதத்தை உண்டபின் நீங்கியதால் மன்றோ இந்தப் பாத்திரத்தைக் காணிக்கையாக அளித்தார் என்பர்.

மூன்றாவது அவருடைய மரணத்தோடு தொடர்புடையது. கடப்பா மாவட்டத்தில் வேம்பள்ளி அருகே பாபக்னி ஆறு மலையைப் பிளந்துகொண்டு வரும் இடம் கண்டி. இங்கு ஆஞ்சநேயர் கோயில் உள்ளது. இலங்கையிலிருந்து திரும்பிய இராமனை வரவேற்க, ஆற்றின் இருபுறக் குன்றுகளுக்கும் இடையே பொன்னாலான தோரணம் கட்டப்பட்டதாகத் தலபுராணம் சொல்கிறது. சாதாரணக் கண்களுக்கு அது தெரியாது. இறுதிக்காலம் நெருங்கிய நல்லோருக்கு மட்டுமே தெரியும் என்பது நம்பிக்கை. கடைசிப் பயணத்தில் இவ்வழியே வந்த மன்றோ அண்ணாந்து பார்த்து, அந்தத் தோரணத்தை யார் கட்டியது என்று கேட்டாராம். உடன் இருந்தவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. விவரம் அறிந்த முதியவர்கள் ஒன்றும் சொல்லாமல் வருந்தினார்களாம். அதன்பின் சில நாட்களிலேயே அவர் இறந்தார்.

காலராவால் ஒரே நாளில் நேர்ந்த திடீர் மரணத்தை, நல்லவர் ஒருவருக்கு முன்கூட்டியே கிடைத்த அறிவிப்பாக இக்கதை மாற்றுகிறது. மதத்தாலும் நாட்டாலும் அயலாரான ஒருவரைத் தம் தலபுராணத்துக்குள் கொண்டுவந்து வழியனுப்பியதையும் இதில் காணலாம்.

சென்னைச் சிலை

சென்னையில் மன்றோவுக்குச் சிலை அமைக்கப் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. இலண்டனைச் சேர்ந்த சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி வடித்த வெண்கலக் குதிரைவீரர் சிலை 1839 இல் நிறுவப்பட்டது. அண்ணா சாலையில் தீவுத்திடலை ஒட்டி இன்றும் அது நிற்கிறது.

குதிரையின் மேல் சேணமும் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. இதனை மறந்துவிட்ட சிற்பி அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று ஒரு கதை சென்னையில் உலவுகிறது. இது உண்மையன்று. சாண்ட்ரி செய்த நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலையும் வெலிங்டன் பிரபு சிலையும் இலண்டனில் உள்ளன. அவற்றிலும் அங்கவடி இல்லை. இது சிற்பியின் பாணியே தவிரத் தவறு அன்று.

மறுபக்கம்

மன்றோவைப் பற்றிய நினைவுகளை மட்டும் கொண்டு அக்காலத்தை மதிப்பிட முடியாது. அவர் கம்பெனி ஆட்சியை நிலைநிறுத்த வந்த அதிகாரி. பாளையக்காரர்களின் அதிகாரம் அவர் காலத்தில் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது. 1801 இல் தெர்னேகல் என்ற ஊரில் வரிக்கு எதிராக எழுந்த எதிர்ப்பு ஆயுத மோதலாக வெடித்துக் கம்பெனிப் படையால் அடக்கப்பட்டது. அவ்வூரும் பத்திகொண்டா வட்டாரத்தைச் சேர்ந்ததே.

வரி விகிதமும் நெடுங்காலம் கடுமையாகவே இருந்தது. மன்றோவின் 1807 அறிக்கையே அதற்குச் சான்று. மேலும் ரயத்துவாரி முறை பட்டாதாரருக்கே உரிமை அளித்தது. அவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. மன்றோவைப் போற்றும் நினைவும் பெரும்பாலும் பட்டா பெற்ற குடும்பங்களிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. பிற்காலத்தில் இம்முறையை நடத்திய அதிகாரிகள் அனைவரும் வயலை நேரில் பார்த்தவர்களும் அல்லர்.

இந்தியர்களை உயர்பதவிகளிலிருந்து ஒதுக்கிவைப்பது அவர்களைத் தாழ்த்திவிடும் என்று 1824 இறுதியில் எழுதிய குறிப்பில் மன்றோ வாதிட்டார். இந்தியர் தம்மைத் தாமே ஆளும் காலம் வரும் என்பதையும் அவர் எதிர்பார்த்தார். அவர் காலத்துக் கம்பெனி அதிகாரிகளிடையே இது அரிய கருத்து. எனினும் அவர் பணியாற்றிய அமைப்பு அதை நோக்கி விரைந்து நடக்கவில்லை.

நினைவு நிலைத்ததன் காரணங்கள்

மன்றோவுக்கு முன்பும் பின்பும் பல ஆட்சியர்கள் தத்த மண்டலத்துக்கு வந்து சென்றனர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் ஆவணங்களில் மட்டுமே உள்ளன. மன்றோவின் பெயர் மட்டும் வாய்வழியாக நிலைத்ததற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவதாக, அவர் மக்களின் பார்வைக்கு எட்டும் இடத்தில் இருந்தார். கூடாரம் அடித்து ஊர் எல்லையில் தங்கியவரிடம் உழவர் நேராகச் சென்று முறையிட முடிந்தது. இரண்டாவதாக, தாம் விதித்த வரி அதிகம் என்று தாமே எழுதி, பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதிகாரம் கைக்கு வந்தபோது அதைக் குறைத்தார். மூன்றாவதாக, பணி முடிந்து ஊர் திரும்பும் நேரத்தில், பழகிய மக்களைப் பார்க்க வந்த இடத்தில் இறந்தார். அவர் இங்கிலாந்தில் ஓய்வுபெற்று இறந்திருந்தால் கண்டித் தோரணக் கதையும் பத்திகொண்டாத் தோப்பும் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

இவற்றுள் இரண்டாவது காரணமே முதன்மையானது. நேரில் பழகியதும் இறந்த விதமும் ஒரு தலைமுறையின் நினைவோடு மறைந்துவிடக்கூடும். குறைந்த வரியோ ஒவ்வோர் ஆண்டும் ஜமாபந்தியின்போது உழவரின் கையில் மிஞ்சிய பணமாகத் தெரிந்தது. தாத்தாவுக்குக் கிடைத்த பயன் பேரனுக்கும் தொடர்ந்தபோது, அதைத் தந்தவரின் பெயரும் உடன் தொடர்ந்தது. மன்றோலப்பா என்ற பெயரைச் சூடிய குழந்தைகளுள் பெரும்பாலோர் மன்றோ இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவர்கள்.